நான் சுருக்கிச் சொன்ன நோய்

என் மனைவி வசந்தாவின் நோய் முதலில் அடுப்படியில்தான் தெரிந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். "கை கனக்குதுங்க" என்றாள். மீதித் தேங்காயைத் துருவிக் கொடுத்துவிட்டு, பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் செய்தி பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்த சில வாரங்களில் அந்தக் கனம் நெஞ்சுக்கு வந்தது. சாப்பாடு குறைந்தது. விடியுமுன்னே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீடு ஏற்றத்தில் இருக்கிறது. கீழே இறங்கிக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் பரிசோதனை) எடுத்தோம். தைராய்டு (கழுத்தில் உள்ள சுரப்பி) பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் ஒரு டாக்டர் துண்டுச் சீட்டு எழுதி மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். அந்தத் துண்டை நான்காக மடித்துச் சட்டைப் பையின் அடியில் வைத்தேன். தெரிந்தவர்கள் பார்த்தால் மானம் போய்விடுமாம். இப்போது எழுதவே கூசுகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்டி நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக (கிளார்க்) இருக்கிறேன். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வசந்தா பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் அவளுக்குச் சிங்களம் வரும். அவளுடைய சொந்தக்காரர்கள் கச்சேரிக்கோ (மாவட்ட அரசாங்க அலுவலகம்) பொலிஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதையெல்லாம் கேட்கப் பொறுமை இருக்காது. நான் அத்தனையையும் ஒரு வரியாகச் சுருக்கிச் சிங்களத்தில் சொல்லிக் காரியத்தை முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதே கெட்டிக்காரத்தனத்தை மனைவியின் நோயிலும் காட்டினேன்.

மனநல டாக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். முதல் நாள், எப்படி இருக்கிறது என்று கேட்டார். வசந்தா தரையைப் பார்த்தபடி நெடுநேரம் பேசினாள். "தூக்கமில்லை, சாப்பாடில்லை, உடம்பு வலி" என்று நான் டாக்டரிடம் சொன்னேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். அதை நான் வசந்தாவிடம் கேட்கவே இல்லை. "இல்லை டாக்டர், எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது" என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் வசந்தா.

"ஒன்னுமில்ல, ஒழுங்கா சாப்பிடுறியான்னு கேட்டாங்க."

நோயாளியோடு துணைக்குப் போகிறவர்களே, நான் செய்த தவறுகளில் பெரியது இதுதான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தக் கேள்வியை என் வாயால் அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது.

மனச்சோர்வு நோய் (துக்கமும் களைப்பும் நாள்கணக்கில் விலகாமல் உடம்பையும் சேர்த்து முடக்குவது) என்று டாக்டர் சொன்னார். மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்றார். இரண்டு மாதம் போயும் வசந்தா மெலிந்துகொண்டே போனாள்.

மூன்றாவது முறை போனபோது, நான் வழக்கம்போல் சுருக்கிச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மஹத்தயா (ஐயா), அவர் இவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் நாலு வார்த்தை சொன்னீர்கள். மிச்சம் எங்கே?"

சிரித்த முகத்தோடுதான் கேட்டார். என் முகம்தான் செத்துவிட்டது.

தமிழ் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) அன்று விடுமுறை. அடுத்த வாரம் அவர் வசந்தாவோடு தனியாகப் பேசுவார் என்ற டாக்டர், "ஆனால் ஒரு கேள்வியை அதுவரை தள்ளிப்போட முடியாது" என்றார். "அவர் 'நான்' என்று சொன்னால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள்." பிறகு அதே பழைய கேள்வியைக் கேட்டார்.

இந்த முறை நான் அதை வசந்தாவிடம் கேட்டேன். "உயிரோட இருக்க வேணாம்னு உனக்குத் தோணியிருக்கா?" என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் நெடுநாளைக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"தோணியிருக்குங்க. ரொம்ப நாளா. மகளும் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டா. நீங்க வருவீங்க, சாப்பிடுவீங்க, ஃபோனைப் பார்ப்பீங்க. நான் பேச ஆரம்பிச்சா சுருக்கமா சொல்லும்பீங்க. நான் இல்லாட்டியும் இந்த வீடு இப்படியேதான் நடக்கும்னு தோணும்."

டாக்டர் பக்கம் திரும்பினேன். "எனக்கு அப்படித் தோன்றியிருக்கிறது" என்று சிங்களத்தில் தொடங்கினேன். "நான் இல்லாவிட்டாலும்" என்பது வரைதான் வந்தது. எத்தனையோ பேருடைய கஷ்டத்தைக் கூசாமல் மொழிபெயர்த்தவன், கிளினிக் கதிரையில் உட்கார்ந்து விசும்பி அழுதேன். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வசந்தா சேலைத் தலைப்பை என்னிடம் நீட்டினாள். நோயாளி அவள், ஆறுதல் எனக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்தேன். சுருக்கமாகச் சொல் என்று நான் சொல்வதையும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றே மருந்து மாறியது. அவளைத் தனியே விடக் கூடாது என்றார் டாக்டர். பன்விலவிலிருந்து அவளுடைய அக்கா வந்து தங்கினார். மகள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தாள். மாத்திரைகளை நான் என் பொறுப்பில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. நான் பயந்த மானம் எங்கேயும் போகவில்லை. விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சி வைத்துக்கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தமிழ் மிஸ்ஸியின் மூலம் உளவளத்துணையும் (மனத்தில் உள்ளதைப் பேசவைத்து ஆற்றும் முறை) தொடங்கியது. மிஸ்ஸி எனக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் அரை மணிநேரம் வசந்தா பேச நான் கேட்க வேண்டும். கேட்டதை அவளுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

முதல் நாள் அவள், "கீரை ஆய உக்காந்தேன், அழுகை வந்துச்சு, ஏன்னு தெரியல" என்றாள். "கொஞ்சம் வெளிய போய் நடந்திருக்கலாமே" என்றேன் நான்.

"நடக்கிறதைப் பத்தி நான் பேசவே இல்லையே. ஆபீஸ்லயும் இப்படித்தான் எழுதுறீங்களா?"

அவள் கேலி செய்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நன்றாக இருந்த நான்கு நாளுக்குப் பிறகு ஐந்தாம் நாள் எழுந்திருக்கவே மாட்டாள். இன்றும் மருந்து எடுக்கிறாள். அவள் எழுந்திருக்காத நாட்களில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் தானாகவே இறக்கத்தில் இறங்கிப் போய் மீன் வாங்கி வந்தாள். குசினியில் நான் பாத்திரங்களைப் போட்டு வைத்திருந்த கோலத்தைப் பார்த்து என்னைத் திட்டினாள். நான் வாங்கிய ஏச்சுகளில் அதைப்போல் இனித்தது வேறில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், "நான் மட்டுந்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு நீங்க சொல்லுங்க" என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் என் தோள்கள் இறுகிக் கிடப்பதையே கவனித்தேன். எத்தனை மாதமாக அப்படி இருந்தனவோ. அவள் காத்திருந்தாள்.

"காலையில முழிச்சதும் நீ இருக்கியான்னு கையால தடவிப் பார்க்கிறேன்" என்றேன். "கை உன்மேல படுற வரைக்கும் எனக்கு மூச்சு வரல."

அவள் புத்தி சொல்லவில்லை. "என்மேல கை படுற வரைக்கும் உங்களுக்கு மூச்சு வரல" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் காலை நான் கண்விழித்தபோது அவள் கை ஏற்கெனவே என் நெஞ்சின்மேல் இருந்தது. அவள் விழித்துத்தான் இருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி வைத்திருந்தாளோ, நான் கேட்கவில்லை. அன்று அலுவலகத்துக்குப் பிந்தித்தான் போனேன்.