ஏணிக்கு முட்டியில் என்ன?

புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கல்லூரியில் எல்லோரும் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். படிப்பு ஒரு காரணம். பெரிய காரணம் கூடைப்பந்து. நகரத்தின் நீலச்சட்டை அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள், யார் எத்தனை முறை பந்தைக் கோட்டைவிட்டார்கள் என்று பன்னிரண்டு வயதிலிருந்து நோட்டில் எழுதிவந்தாள். ஒன்பது நோட்டு சேர்ந்திருந்தது. அணி தோற்ற நாளில் வீட்டில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

அந்த வருடம் அவளுக்கு நம்பிக்கை கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. போன பருவத்தில் அணி ஐந்தாம் இடம். இப்போது புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள், இரண்டு பேரும் தூரத்திலிருந்து குறிபார்த்துப் போடுகிறவர்கள். கேப்டனுக்கு இருபத்தொன்பது வயது. அவருடைய உயரத்துக்காக ரசிகர்கள் அவரை ‘ஏணி’ என்பார்கள். ஏணி நடுவில் நின்றால் இருபத்திரண்டு ஆட்டத்தில் பதினைந்து வெற்றி நிச்சயம் என்று கணக்குப் போட்டு, அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

சனிக்கிழமை காலைகளில் உள்ளரங்கில் நடக்கும் பயிற்சியை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். முதல் சனிக்கிழமை ஏணியைக் காணோம். கேட்டதற்குச் சளி என்றார் பயிற்சியாளர். அடுத்த வாரம் வெளியூர் போயிருக்கிறார் என்றார். மூன்றாவது வாரம், ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, கேட்டவள் முகத்தைப் பார்க்காமல் கழுத்தில் தொங்கிய விசிலைத் துடைத்தார். மூன்று வாரம், மூன்று பதில். புள்ளி மூன்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். அரங்க வாசலில் புதிய பருவத்தின் விளம்பரத் தட்டி நின்றது. எப்போதும் நடுவில் நிற்கும் ஏணி அதில் ஓரத்தில் நின்றார். அதையும் எழுதினாள்.

அவளுடைய அக்கா ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்த்தாள். நடக்க முடியாதவர்களை நடக்கவைப்பது, விழுந்த கையைத் தூக்கவைப்பது. தங்கையின் கூடைப்பந்துப் பைத்தியத்தைக் கிண்டல் செய்யாமல் அக்காவுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அந்த மாதம் கிண்டல் நின்றுபோனது. ஒருநாள் தட்டைக் கழுவியபடி, எந்தப் பேச்சும் இல்லாத நேரத்தில், அக்கா தானாகவே சொன்னாள்.

“இந்த வருஷம் ரொம்ப எதிர்பார்த்துடாத.”

“ஏன்?”

“சும்மாதான் சொன்னேன்.”

அக்கா சும்மா பேசுகிறவள் அல்ல. புள்ளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

நான்காவது சனிக்கிழமை அக்கா அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் புள்ளி நிலையத்துக்குப் போனாள். பயிற்சி அறைகளுக்கு வெளியே செருப்பு வைக்கும் தட்டு இருந்தது. வரிசையாகச் சாதாரணச் செருப்புகள். கடைசியில் ஒரு ஜோடி ஷூ, தட்டுக்குள் அடங்காமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. நீல நாடா. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் பாதம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அந்த நகரத்தில் அத்தனை பெரிய கால் ஒருவருக்குத்தான் உண்டு.

அக்கா வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

“உள்ள யாருக்கா?”

“பேஷண்ட்.”

“எந்த பேஷண்ட்?”

“பேஷண்ட்னா பேஷண்ட்தான். அட்டையக் கொடுத்துட்டுக் கிளம்பு.”

வீட்டுக்கு வந்தவள் போன பருவத்து நோட்டை எடுத்து விரித்தாள். கடைசி ஆறு ஆட்டத்தில், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை ஏணி எகிறிப் பிடித்தது பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. எகிற முடியவில்லை என்றால் முட்டி. முட்டி இல்லாமல் வேறென்ன? எல்லாம் பொருந்திவந்தது. சாயங்காலம், நானூறு பேர் இருந்த ரசிகர் குழுவில் எழுதினாள்: ‘ஏணிக்கு முட்டி போய்விட்டது. சிகிச்சை நடக்கிறது. கிளப் நம்மிடம் மறைக்கிறது.’

எழுதும்போது அக்காவின் முகம் ஒரு கணம் வந்துபோனது. அக்கா பெயரைத்தான் சொல்லவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாளே செய்தி கை, கால் முளைத்து ஊர் சுற்றியது. அறுவைச் சிகிச்சை என்றான் ஒருவன். ஆட்டத்தையே விடப்போகிறார் என்றான் இன்னொருவன். திங்கட்கிழமை மதியம் கல்லூரியிலிருந்து வந்தபோது அக்கா வீட்டில் இருந்தாள். வேலைக்கு உடுத்திப்போன சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கிளப்பிலிருந்து நிலையத்துக்கு யாரோ பேசியிருந்தார்கள். நோயாளி விவரத்தை வெளியே விட்டது யார் என்று தெரியும்வரை வரவேண்டாம் என்று அக்காவை அனுப்பிவிட்டார்கள். எழுதியது யார், அவள் அக்கா எங்கே வேலை பார்க்கிறாள் என்று கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

அக்கா சத்தம் போடாமல் கேட்டாள்.

“என் போன எடுத்துப் பார்த்தியா?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல. நானாத்தான் யோசிச்சேன். அவருக்கு முட்டிதானே?”

“வேலை போற நிலைமையில உக்காந்திருக்கேன். இப்பவும் உனக்கு அதுதான் வேணுமா?” அக்கா எழுந்து போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது. உன்கிட்ட எதிர்பார்க்காதன்னு சொன்னதே என் தப்பு.”

மறுநாள் புள்ளி வகுப்புக்குப் போகவில்லை. நோட்டுகளை அள்ளிக்கொண்டு நிலையத்தின் தலைமை மருத்துவர் முன்னால் போய் நின்றாள். ஐம்பது வயதான அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். சனிக்கிழமைகள், பயிற்சியாளரின் மூன்று பதில்கள், விளம்பரத் தட்டி, ஷூ. ஷூவுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்ததைக்கூட அவள் அளவோடு எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது மருத்துவரின் வாயோரம் லேசாக அசைந்தது. உன் அக்கா வாயைத் திறக்கவில்லை என்பதற்கு இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இதையெல்லாம் ஒரே ராத்திரியில் ஜோடிக்க முடியாது என்றார்.

பேசி முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. மருத்துவரின் அறைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தவர் ஏணி. தன்னால் ஒரு பெண் வேலைக்கு வராமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பேச வந்திருந்தார். வாசலுக்கு வெளியே சக்கர நாற்காலியில் ஒரு முதியவர், இடது கை மடியில் கிடக்க, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே தாடை, அதே நீண்ட கால்கள்.

நான்தான் எழுதினேன் என்றாள் புள்ளி.

ஏணி கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். “என் முட்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. அப்பாவுக்குப் பக்கவாதம். முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். பிடிச்சுக்கிட்டு நடக்குறத யாரும் பார்க்கக் கூடாதுங்கிறார். அதனாலதான் கோச்கிட்ட எதையாவது சொல்லிச் சமாளிங்கன்னு கேட்டுக்கிட்டேன்.”

அவள் திறந்துவைத்திருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தார். கடைசி ஆறு ஆட்டத்தின் எண்களில் விரலை வைத்தார்.

“இது சரிதான். அப்பதான் அவர் விழுந்தார். தூங்காம ஆடினா இவ்வளவுதான் எகிற முடியும்.”

பாவம் என்று நினைத்தாள். வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அவர் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறார் என்று அவள் கண் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. இரண்டு காலிலும் சமமாகத்தான் நின்றார்.

இந்தப் பருவம் உள்ளூர் ஆட்டங்களில் மட்டுமே ஆடப்போவதாகவும், அப்பாவை விட்டுவிட்டு வெளியூர் தங்க முடியாது என்றும் சொன்னார். முட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடு, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அப்படியே எழுதினாள். தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக மன்னிப்பும் கேட்டாள். குழுவில் ஒருவரும் நம்பவில்லை. மிரட்டினார்களா என்று சிலர் பரிவாகக் கேட்டார்கள். கிளப்புக்கு விலைபோய்விட்டாள் என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். அவளோடு குழுவை நடத்திய வகுப்புத் தோழன் ஒருவன் உண்டு. எதையும் ஊருக்குச் சொல்லிவிடுவான் என்பதால் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அவனே அவளைக் குழுவின் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டான்.

அக்காவை நான்காம் நாள் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

முதல் ஆட்டம் உள்ளூரில். ஏணி எகிறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முட்டியைப் பார்த்தது. ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறார், கால்சட்டைக்குள் தெரியவில்லை என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அடுத்து வெளியூர் ஆட்டம். பட்டியலில் ஏணி இல்லை, அணி தோற்றது. மறுநாள் கேன்டீனில் ரேடியோ அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“அவருக்கு என்னன்னு உனக்குத் தெரியும். சொல்லு.”

“தெரியாது.”

“உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது.”

அவள் சாப்பாட்டைப் பிசைந்தபடி இருந்தாள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

அந்தப் பருவத்தில் நீலச்சட்டை பத்து ஆட்டம் ஜெயித்தது, அதில் எட்டு உள்ளூரில். ஆறாம் இடம், போன வருடத்தைவிட ஒன்று கீழே. வெளியூர் தோல்விகளைப் பற்றிக் குழுவில் வாரத்துக்கு ஒரு கதை வந்தது. எதற்கும் அவள் பதில் எழுதவில்லை.

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த பழக்கம் அது. பல மாதம் கழித்து அன்றுதான் ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்தாள்.

“நேத்து எப்படி ஆடினாரு?”

அக்கா சாதாரணமாகத்தான் கேட்கிறாளா, இல்லை ஆழம் பார்க்கிறாளா என்று புள்ளிக்குப் பிடிபடவில்லை. அக்காவும் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் ஆடினாரு” என்றாள் புள்ளி. தன் போனையும் எடுத்து அக்காவின் போனுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.