அம்புக்குறிக்கு எதிர்த்திசையில்

என்சியோ ஹாக்கரைனன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பதினெட்டு வருடம் ஒரே வண்டியில் வேலைக்குப் போனோம். அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு நாள் பேச்சுகூடத் தேறாது. ஆனால் வேலையில் கறார். எங்கள் பராமரிப்பில் இருந்த முதியோர் இல்லத்து மாடியில் இருக்கும் காற்றுச் சக்கரத்தை அவர் கவனிக்கிற மாதிரி எவனும் பெற்ற பிள்ளையைக்கூடக் கவனிக்க மாட்டான். ஆள் உயரச் சக்கரம். அறைகளை விட்டு வெளியேறும் அழுக்குக் காற்றின் சூட்டை வாங்கி, உள்ளே வரும் பனிக்காற்றுக்குக் கொடுக்கும். அது நின்றால் எங்கள் காய்னூ மாகாணத்து ஜனவரியில் கிழடுகள் விறைத்துவிடும்.

ஒரு ஜனவரியில் நின்றது. வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. மோட்டார் எரிந்துபோயிருந்தது. கீழே ஏழாம் அறையில் என்சியோவின் அண்ணன் ஆஹ்தி படுத்திருந்தார். ஆஹ்தியின் மனைவி சைமி தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினோம்.

புது மோட்டாரை மாட்டியதும் சக்கரம் சுற்றியது. என்சியோ கைவிளக்கை எடுத்தார்.

"திசையப் பாத்துடுவோம்."

சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தில் ஒரு அம்புக்குறி உண்டு. அது காட்டும் பக்கம் சுற்றினால்தான் சக்கரத்தின் துளைகளில் தங்கிய அழுக்குக் காற்று ஒரு மூலையில் வெளியே தள்ளப்படும். மாறிச் சுற்றினாலும் சூடு வரும்; கூடவே ஒரு நோயாளியின் மூச்சு அடுத்தவர் அறைக்கும் வரும். அன்று அந்தக் குறிமேல் பனி அப்பியிருந்தது. அதைச் சுரண்ட, சக்கரத்தை நிறுத்திப் பக்கப் பலகையைக் கழற்ற வேண்டும்.

"யோவ், எனக்கு வெரலு கழண்டு விழுந்துடும்போல. சுத்துதுல்ல? சூடு வருதுல்ல? கீழ உங்கண்ணன் நடுங்கிக்கிட்டுக் கெடக்காரு," என்றேன்.

அண்ணன் என்றதும் திசையைப் பார்க்காமலே விளக்கை அணைத்துவிட்டார். என் வாயில் கொள்ளியை வைக்க.

பிப்ரவரியில் இல்லத்தில் ஃப்ளூ பரவியது. ஆறு பேர் போனார்கள். அதில் ஆஹ்தியும் ஒருவர்.

மார்ச்சில் வழக்கமான சோதனைக்குப் பலகையைத் திறந்தோம். பனி உருகியிருந்தது. அம்புக்குறிக்கு நேர் எதிராகச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பிகளை இடம் மாற்றி மாட்டியிருந்தோம், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு என்சியோ குறிப்பேட்டை எடுத்தார்.

"எழுதாதய்யா. பாக்க வந்தவங்க கொண்டுவந்த நோய்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"இருக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"இல்லாமலும் இருக்கலாம்."

எழுதினார். நிர்வாகி படித்துவிட்டு, இதையெல்லாம் நிரூபிக்க முடியாது என்று மூடிவைத்தார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இந்த மனிதர் நேராகச் சைமி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சூடு வந்த அன்னிக்கு உங்கண்ணன், 'தம்பி வந்துட்டான்'னு சிரிச்சாருப்பா," என்றாள் சைமி, நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

என்சியோ உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "நான் திசையப் பாக்கல அண்ணி," என்றார். நாங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு நாக்கு எழவில்லை.

சைமி நாற்காலியைத் திரும்ப மேசைக்கடியில் தள்ளினாள்.

"இத ஏன் எங்கிட்ட வந்து சொன்ன? நான் ஏச மாட்டேன்னு தெரியும், அதானே?"

அவளே தொடர்ந்தாள்.

"இன்னும் அஞ்சு வீட்டுல ஆளு போயிருக்கு. அங்கெல்லாம் சொன்னியா?"

"இல்ல அண்ணி."

"அப்பப் போ."

மறுநாள் காலை நான்தான் வண்டி ஓட்டினேன். முதல் வீட்டில் கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு அப்படியே மூடினார்கள். மூன்றாம் வீட்டில் ஒரு கிழவர் என்சியோவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். என்சியோ கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பிறகு வண்டிக்கு வந்து அடுத்த முகவரியைப் படித்தார். என்னை வா என்று அவர் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. ஐந்து வீட்டிலும் நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.