மார்கரெட் அக்கா கட்டிய பாட்டு

மார்கரெட் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. கடப்பாக்கத்தில் வீடு. பிறந்தது உப்பளத்தில் வேலை செய்த குடும்பத்தில். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில், கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில், பேக்கிங்கில் ஒப்பந்தத் தொழிலாளி. கணவர் ஜான்சன் கொத்தனார். மகள் சிநேகா செங்கல்பட்டில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அக்கா பாட்டுக் கட்டுவார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் போன வருடமே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதால் அவருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதே கம்பெனியில் ஸ்டோரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் நான். பெயர் ஹர்ஷவர்தன். கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கடப்பாக்கத்தில் கிளம்பி, செய்யூர், மதுராந்தகம் என்று பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆறே முக்காலுக்கு செங்கல்பட்டு பைபாஸுக்கு வரும். அங்கே நான் ஏறுவேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட், ஜன்னலோரம். காதில் இயர்போன் இருக்கும். பாதி நாள் அதில் ஒன்றும் ஓடாது. யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க அது ஒரு வசதி.

'புதுக் காது' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். சினிமாவுக்கு வெளியே பாட்டுப் போடுகிறவர்களைத் தேடிப் பிடித்து வெள்ளிக்கிழமைக்கு ஒருவராக அறிமுகம் செய்வேன். நாவலூர் அடுக்குமாடியில் போர்வையைத் தொங்கவிட்டு அதற்குள் உட்கார்ந்து பதிவு செய்கிற பையன்கள், அச்சிறுபாக்கம் பக்கத்துக் கூத்து மேளம், இப்படி. பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். என் பெயரும் முகமும் அதில் கிடையாது. ஒரு பாட்டு பிடித்துப்போனால் எனக்கு முதலில் வருவது சந்தோஷம் அல்ல, வேறு யாராவது இதை எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்களா என்கிற பதற்றம். இதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

போன மாசி மாதம் ஒரு காலை, பஸ்ஸில் ஏறியபோது பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள்.

முட்டி வரைக்கும் உப்புத் தண்ணி
மூணு தலமுற நின்ன காலு
ஒட்டிக் கெடந்த உப்பையெல்லாம்
ஒரு மழையும் கழுவலையே

எனக்குக் கைமயிர் சிலிர்த்துவிட்டது. போனை மடியில் வைத்துப் பதிவை அழுத்தினேன். கொளவாய் ஏரி தாண்டி, பரனூர் டோல்கேட் வரும்வரை பாட்டு ஓடியது. எடுத்துக் கொடுத்த குரல் மார்கரெட் அக்காவுடையது. எனக்கு ஐந்து சீட் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், "இது யார் பாட்டு?" என்று கேட்டிருக்கலாம். ஐந்து சீட் தூரம் நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாட்டின் கடைசி அடிகள் இவை:

கம்பெனி ஷூவு போட்ட பின்னும்
காலு மட்டும் உவர்க்குதடி
கார்டு தேய்க்கும் வாசலிலே
கடப்பாக்கம் மார்கரெட்டு
கட்டி வச்ச பாட்டுதாண்டி

வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது இந்த அடிகள் என்னை உறுத்தின. அத்தனை பழைய, அருமையான நாட்டுப் பாட்டில் ஷூவும் கார்டும் எங்கிருந்து வந்தன? பஸ்ஸில் விளையாட்டாகச் சேர்த்திருப்பார்கள், பெயரையும் அப்படியே செருகியிருப்பார்கள் என்று முடிவுசெய்தேன். அந்த அடிகளை வெட்டினேன். மீதியைப் புதுக் காதில் போட்டு, கீழே இப்படி எழுதினேன்: 'உப்பளப் பாட்டு. செங்கல்பட்டு வட்டாரம். இயற்றியவர், பாடியவர் பெயர் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வருவது.'

நான் புதுக்கவிதை படிக்கிறவன். நான்கு வரியைப் பார்த்து இது யார் எழுதியது என்று சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு உண்டு. 'ஒரு மழையும் கழுவலையே' என்பது ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் அச்சாகி வந்திருந்தால் தோன்றியிருக்கும். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண் பாடியதால், அது யாருடையதாகவும் இல்லாமல் ஊருடையதாகிவிட்டது.

பதிவு பரவியது. நாவலூரில் 'நாலாவது மாடி' என்று ஒரு இசைக்குழு. அதில் பாடுகிற ஹம்சினி, இதை நாங்கள் பாடலாமா என்று எழுதிக் கேட்டாள். என் சொத்தைப்போலத் தாராளமாகப் பாடச் சொன்னேன். மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றின் புல்வெளியில் பாடினார்கள். நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "இந்தப் பழமையான பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்த புதுக் காதுக்கு நன்றி" என்று அவள் மேடையில் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். யாருக்கும் தெரியாமல் நானும் தட்டினேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கைதட்டலைத்தான் மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அது ரீல்ஸில் வந்தது. கடப்பாக்கத்துப் பிள்ளைகளின் போனுக்கும் போயிருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் பாட்டே இல்லை. செல்லம்மா அக்கா மட்டும் சத்தமாகத் திட்டிக்கொண்டு வந்தார். அவரும் கடப்பாக்கம், மார்கரெட் அக்காவின் பக்கத்து சீட். கேட்டதிலிருந்து விஷயம் புரிந்தது. முந்தின நாள் அவர்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். மதியம் விளையாட்டு, பாட்டு. மார்கரெட் அக்கா மைக்கில், "நானே கட்டின பாட்டு" என்று சொல்லி உப்புப் பாட்டைப் பாடியிருக்கிறார். கீபோர்டு வாசிக்கிற மோசஸ் என்கிற பையன் நடுவில் நிறுத்தி, "ஆன்ட்டி, இது பழங்காலத்துப் பாட்டு, இன்ஸ்டாவுல கீது. பேண்டுல பாடிட்டாங்க. சபையில பொய் வேணாம்" என்றிருக்கிறான். கூட்டம் சிரித்திருக்கிறது.

"அதோட வுட்டானா?" என்றார் செல்லம்மா அக்கா. "போன எடுத்து, அந்த பேண்டு பாடினத மைக்குல வச்சி போட்டுக் காட்டுறான். பாருங்க, ஆன்ட்டி பேரு வர்ற அடி இதுல இல்லவே இல்ல, அவங்களே ஒட்டிகினாங்கன்றான்."

"எம்பொண்ணு எழுந்து வெளிய பூட்டா செல்லம்மா," என்றார் மார்கரெட் அக்கா. "வூட்டுக்கு வந்து, 'ஏம்மா உனுக்கு இந்த வேல'ன்றா. பெண்கள் ஐக்கியத்துல கொஞ்ச நாளைக்கு மைக்கு புடிக்காதன்னு சொல்லிட்டாங்க. பாட்டு போனா போவுது. பொய் சொன்னவன்னு ஆயிட்டேனே."

"எவன் போட்டான் அத?"

"புதுக் காதாம்."

"கெடைக்கட்டும். அந்தக் காத அறுத்துக் கருவாட்டோட சேத்துக் கொழம்பு வைக்கிறேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. என் இயர்போனில் எதுவும் ஓடவில்லை. ஏதோ ஓடுவதுபோல் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் போயிற்று. அதற்குள் நான் செய்தது, பழைய பதிவின் கீழே 'பாடல்: மார்கரெட், கடப்பாக்கம்' என்று திருத்தியது. எட்டு மாதத்துக்கு முந்தைய பதிவின் அடிக்குறிப்பை யாரும் போய்ப் படிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் திருத்தினேன்.

வியாழக்கிழமை மதியம், கேன்டீனில் கை கழுவும் இடத்தில் போய் நின்றேன்.

"அக்கா, ஒரு விஷயம்."

"அட, தம்பி பேசுது!" என்றார் செல்லம்மா அக்கா. "ஊமைன்னுல்ல நெனச்சிகினு இருந்தோம்."

"புதுக் காது நான்தான்கா."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மார்கரெட் அக்கா மெதுவாக அதை மூடினார்.

"என் பேரு வர்ற அடி?"

"வெட்டிட்டேன்."

"ஏன், நல்லா இல்லியா அது?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அந்த 'வாசலிலே' கிட்ட எனுக்கும் கொஞ்சம் இடிச்சிகினு தான் இருந்துது. மாத்தணும்னு நெனச்சேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஷூ, கார்டெல்லாம் வந்துச்சா... பழைய பாட்டு மாதிரி இல்லன்னு..."

"பழைய பாட்டா? போன தைப் பொங்கலுக்குக் கட்டினது தம்பி!"

"பேரு தெரியலன்னு போட இவ இன்னா செத்தா பூட்டா?" செல்லம்மா அக்கா என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். "பின்னாடி தானே குந்திகினு இருந்தா? தலைய திருப்பினா தெரியும்."

போனில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். மார்கரெட் அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டார்.

"போனெல்லாம் அப்பால. எங்க சபையில வந்து சொல்லு. ஞாயித்துக்கெழம ஒம்போது மணி."

போனேன். முதலில் அக்கா வீடு. வாசலில் ஜான்சன் அண்ணன், "வா தம்பி, நாஸ்தா துன்னியா?" என்று கேட்டு இட்லி வைத்தார். நான் யார் என்று தெரிந்தே வைத்தார். சிநேகா உள்ளே இருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சாப்பிடும்போது அக்கா தன் பீரோக் கதவைத் திறந்து காட்டினார். உட்பக்கம் முழுக்கக் கம்பெனியில் வீணாகிற பார்கோடு லேபிள்கள். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் இரண்டு வரி. கடப்பாக்கத்தில் பஸ் ஏறினால் ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு வரி யோசிப்பாராம். பக்கத்தில் செல்லம்மா அக்கா தானாக அதைத் திருப்பிப் பாடினால் வரி நிற்கும். பாடாவிட்டால் போச்சு. பஸ் செங்கல்பட்டு வருவதற்குள் அன்றைய வேலை முடிந்திருக்கும். நான் ஏறும்போதெல்லாம் எனக்குக் கேட்டது முடிந்த பாட்டு. உப்புப் பாட்டுக்கு மட்டும் பதினேழு லேபிள்கள் இருந்தன. 'கழுவலையே' வருவதற்கு முன் மூன்று சொற்களை அடித்திருந்தார்.

சபையில் அறிவிப்பு நேரத்தில் போதகர் என்னை அழைத்தார். இருநூறு பேர் இருப்பார்கள். மைக்கைப் பிடித்தேன். "இந்தப் பாட்டு மார்கரெட் அக்கா கட்டியது. நான் பெயர் போடாமல் விட்டுவிட்டேன். தவறு என்னுடையது" என்றேன். பெண்கள் பக்கம் யாரோ 'அல்லேலூயா' என்றார்கள்.

கீபோர்டுக்குப் பின்னாலிருந்து மோசஸ் மரியாதையாகவே கேட்டான். "அப்ப அவங்க பேரு வர்ற அடி மட்டும் ஏன்ணா நீங்க போட்டதுல இல்ல?"

வெட்டிவிட்டேன் என்று சொல்ல ஒரு சொல் போதும். இருநூறு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பஸ் சத்தத்துல அது சரியா ரெக்கார்ட் ஆகல," என்றேன்.

எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது. மோசஸ் தலையாட்டினான். போதகர் ஜெபம் செய்தார். பெண்கள் வரிசையில் மார்கரெட் அக்கா மட்டும் கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

"அந்த நாளு நான் சொன்னது நெசம். பொய்யின்னு சிரிச்சாங்க," என்றார். "இன்னிக்கு நெசமாவே ஒருத்தர் பொய் சொன்னாரு. ஆமென்னு கேட்டுகினாங்க. போயிட்டு வாங்க சார்."

கேன்டீன் வரைக்கும் நான் அவருக்குத் தம்பி.

அந்த வெள்ளிக்கிழமை முழுப் பதிவையும் போட்டேன். கடைசி அடிகளை நானே வெட்டினேன், ஏன் வெட்டினேன், சபையில் என்ன பொய் சொன்னேன் எல்லாவற்றையும் எழுதினேன். மோசஸ் அதைப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். மறுவாரம் அவனே கீபோர்டு வாசிக்க, அக்கா சபையில் முழுப் பாட்டையும் பாடினாராம். 'வாசலிலே' இருந்த இடத்தில் இப்போது வேறு சொல். எனக்கு அது என்னவென்று தெரியாது. 'நாலாவது மாடி' தன் பதிவில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டது. கடைசி அடிகளையும் சேர்த்துப் பாடச் சொன்னேன். இந்த மெட்டில் அது நீளமாகிவிடும் என்று ஹம்சினி எழுதினாள்.

என் பதிவின் கீழே முந்நூறுக்கு மேல் பின்னூட்டங்கள். 'இந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்', 'இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்' என்று. அக்காவின் பாட்டைப் பற்றி ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டபோது, "எழுதுங்க சார். என் பேர மேல போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன்.

இப்போதும் காலையில் பைபாஸில் நிற்கிறேன். பஸ் பாலத்தைச் சுற்றித் திரும்பும்போது ஜன்னல்களில் வாய்கள் அசைவது தெரியும். செல்லம்மா அக்கா தொடையில் தாளம் தட்டுவதும் தெரியும். பஸ் என் முன்னால் வந்து நிற்கும். கதவு திறக்கும். ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும்.