கல்வெட்டின் கடைசிப் பக்கம்

மொன்ட்ரியாலில் நான் நடத்தும் தமிழ் மாதப் பத்திரிகையில் ஒரு பக்கம் எப்போதும் காலியாகக் கிடந்து உயிரை வாங்கும். அதை நிரப்ப, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பத்திரிகை ஆசிரியராக இருந்து அரசியலுக்குப் போன ஒருவரின் கதையைத் தொடராக எழுதினேன். தேர்தலில் நின்றதும் அந்த மனிதர் தன் பத்திரிகையிலேயே தன் புகழ் பாடினார். தன்னைக் குறைசொல்லி வந்த கடிதங்களைக் குப்பையில் போட்டார். நான் சும்மா விடவில்லை, மாதாமாதம் கிழி கிழி என்று கிழித்தேன். எங்கள் பத்திரிகையில் எந்தக் கடிதமும் வெட்டில்லாமல் வரும் என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்தேன்.

பிறகு நானே நகரசபைத் தேர்தலில் நின்றேன். நண்பர்கள் உசுப்பேற்றினார்கள். எனக்கும் ஆசைதான்.

இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று வீட்டுக்காரர் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். அவற்றை அச்சடித்துக் கொடுப்பதும் நான்தான். தேர்தல் நேரம் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஓர் அக்காவின் கணவருக்கு அடித்த கல்வெட்டில், கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று என் அனுதாபச் செய்தியைப் போட்டேன், கோட்டும் டையுமாக என் படத்துடன். அக்காவிடம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பத்திரிகைக்கு அக்காவின் கடிதம் வந்தது. தன் கணவரின் கல்வெட்டில் அவருடைய படத்தைவிட என் படம் பெரிதாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அளந்து பார்த்தேன். உண்மைதான்.

போட்டால் தேர்தல் போச்சு. போடாவிட்டால் நான் எழுதித் தள்ளியதெல்லாம் பொய். பொறியில் அகப்பட்ட எலியாக இருந்தேன், பொறியைச் செய்தவனும் நானே. போடத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் மனைவியிடம் கடிதத்தைக் காட்டவேயில்லை.

இதழ் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள், கடிதத்தை மீளப் பெறும்படி கெஞ்சலாம் என்று பஸ் ஏறி அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். நான் இழுத்து இழுத்து விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"போடவேண்டாம் தம்பி," என்றார். "வாசிக்கவேண்டிய ஆள் வாசிச்சிட்டார்."

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். வெட்கத்தில் தேத்தண்ணியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

கடிதத்தைப் போடவில்லை. தேர்தலில் வென்றேன். அவர் இருப்பது நான் வென்ற வட்டாரம். தமிழ்க் கடையில் காணும்போதெல்லாம் "சுகமோ தம்பி?" என்று கேட்கிறார். ஓம் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிடுகிறேன்.