நாற்பது விநாடிக்காக இரத்மலானை போய் வந்தேன்

சுகந்தி, யூட், நீங்கள் இரண்டு பேரும் இரண்டு நாளாகக் கேட்கிற கேள்விக்கு இதுதான் பதில். "அப்பா ஏன் கலியாணத்துக்குப் போடுற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்?" வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் இடையில் பந்தடிக்க ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் அம்மாவிடம் கொடுத்துத் திருத்துங்கள். நடந்ததில் பிழை இல்லை.

கொட்டாஞ்சேனையில் நான் செய்வது தண்ணீர்ப் போத்தலின் மூடிக்குள் போடும் இறப்பர் வளையம் என்பது உங்களுக்குத் தெரியும். போத்தலைச் செய்வது இரத்மலானையில் உள்ள தொழிற்சாலை. இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். மூன்று மாதமாகப் போத்தல்கள் ஒழுகுகின்றன என்று கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு புது முறை கொண்டுவந்தார். மாதம் ஒரு தரம் அங்கிருந்து ஒருவர் இங்கே வர வேண்டும், இங்கிருந்து ஒருவர் அங்கே போக வேண்டும். போனவர் பகல் முழுக்க மிசின்களுக்குப் பக்கத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியபடிதான் வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஓடிட் என்று பெயர். இந்த மாதம் என் முறை.

அம்மாவிடம் சொன்னபோது அவ சிரித்தா. "ஓடிட்டோ? மீன்காரனிட்ட மிச்சக் காசு வாங்கத் தெரியாத ஆள் கணக்குப் பாக்கப் போறாராம்!"

"கணக்கு இல்லையப்பா, வேலையைப் பாக்கிறது" என்றேன். "அப்ப சரி, அது மற்றவன் செய்ய நீங்கள் நல்லாப் பாப்பீங்கள்" என்றா.

காலை 6.10. ஓடிட்டுக்குப் போகிறவன் இறப்பர் கறை பட்ட சேட்டோடு போகலாமா என்று கலியாணச் சேட்டைப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினேன். பையில் ஒரு பேனை, அடிமட்டம், எனக்குத் தந்த ஓடிட் தாள், அடுத்த வீட்டு அன்ரனி அண்ணையிடம் இரவல் வாங்கிய, விநாடிமுள் உள்ள கைக்கடிகாரம். என்னுடையதில் விநாடிமுள் எப்போதோ விழுந்துவிட்டது. புறக்கோட்டை வரை நடந்தேன். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு மொரட்டுவை போகும் 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். இரத்மலானைக்கு ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீற்றர். ரிக்கற் ஆறு ரூபாய். யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முதல் தரம் விமானத்தில் ஏறுகிறவன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புங்கள்.

7.25. வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். என் பையைத் திறந்த இளம் சிப்பாய் கைக்கடிகாரத்தை வெளியே எடுத்து, என் கையில் கட்டியிருந்ததையும் பார்த்தான்.

"இரண்டு மணிக்கூடு எதற்கு அய்யே?" என்று, அண்ணன் முறை வைத்து, சிங்களத்தில் கேட்டான்.

குண்டுக்கு நேரம் வைக்கிற ஆள் என்று நினைத்துவிட்டானோ என்று பயந்துபோனேன். போத்தல் ஒழுகுவதைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு முகம் மாறிற்று. "நீல மூடிப் போத்தலா? என் அக்காவின் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். புத்தகமெல்லாம் ஈரம்! நன்றாகப் பாருங்கள் அய்யே" என்று பையைத் தந்தான். 

8.05. தொழிற்சாலை வாசல். எங்களுடையதைப் போல நான்கு மடங்கு. பின்மதிலுக்கு அப்பால் விமான நிலையம். கூரையோ அஸ்பெஸ்ரஸ் தகடு. சூப்பவைசர் நசீர் நானா, அங்கே எல்லாருக்கும் மூத்த அண்ணன் மாதிரி, வாசலுக்கே வந்தார்.

"வாங்க, வாங்க. கொட்டாஞ்சேன ஆக்கள் வளையத்த ஒழுங்கா செஞ்சா நாங்க ஏன் இந்த ஓடிட்டுக்கு நிக்கோணும்?"

"எங்கட வளையத்தை நூறு தரம் திருகுங்கோ நானா, ஒண்டும் ஆகாது. உங்கட போத்தலின்ர வாயைப் பாப்பம்" என்றேன்.

"அது தெரிஞ்ச கததானே" என்று குரலைத் தாழ்த்தினார். "ஒழுகுறது முழுக்க மூணாம் மிசின் சாமான். செல்வமணின்னு ஒரு புள்ள, ஹட்டன் பக்கம். கவனமில்லன்னு மனேஜர் முடிவெடுத்துட்டார். வேலய விட்டு நிப்பாட்டுற கடிதம் டைப் பண்ணி மேசயில இரிக்கி. ஒங்கட தாளுல அவட பேர எழுதினா இன்டக்கே குடுத்துருவார்."

என் தாளைப் பார்த்தேன். உண்மைதான். கடைசிக் கட்டத்தில் "பிழைக்குப் பொறுப்பானவர் பெயர்" என்று அச்சடித்திருந்தது.

8.30. செல்வமணிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். உருகிய பிளாஸ்ரிக்கை அச்சுக்குள் ஊதிப் போத்தலாக்கும் பழைய மிசின் அவளுடையது. மற்ற மிசின்கள் தாமாகத் திறக்கும். இதைக் கைப்பிடியால் திறக்க வேண்டும். அச்சு மூடி நாற்பது விநாடி ஆற வேண்டும். முந்தித் திறந்தால் சூட்டில் வாய் கோணும். கோணினால் மூடி இறுகாது.

"வணக்கங்கண்ணே" என்றாள். உடனே அச்சை மூடி வேலையில் இறங்கினாள். நான் அன்ரனி அண்ணையின் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். நாற்பது. நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது. நாற்பது. பிள்ளைகளே, ஒரு மணித்தியாலம் பார்த்தேன், அந்தப் பிள்ளை இயந்திரம் மாதிரி! மற்ற மிசின்காரர் இடையில் கதைத்தார்கள், சிரித்தார்கள். இவள் இல்லை. இவளா கவனமில்லாதவள்?

9.50. அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. கூரை அதிர்ந்தது, பல் கூசியது. செல்வமணி தலை நிமிரவில்லை. கைப்பிடியை இழுத்தாள்.

இருபத்தொன்பது விநாடி.

 அந்தப் போத்தலை எடுத்துத் தனியாக வைத்தேன். அடுத்த விமானத்துக்கு முப்பத்திரண்டு. அதையும் எடுத்து வைத்தேன். இரண்டு போத்தலின் வாயிலும் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். வளையம் போட்டு, மூடி திருகி, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தோம். நசீர் நானாவின் சப்பாத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"தங்கச்சி, நீர் நேரத்தை எப்படிப் பாக்கிறனீர்?" என்று கேட்டேன்.

"மனசுக்குள்ள எண்ணுறேங்கண்ணே. பிளேன் சத்தத்துல எண்ணிக்க வுட்டுப் போயிருது. கூடிப்போனா அச்சுல ஒட்டிக்கிருமேன்னு பயந்து தொறந்துர்றேன்."

சுவரில் ஒட்டிய தாளை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். ஐந்தாவது வரி: "மணி அடித்ததும் திறக்கவும்."

"எங்கே மணி?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "ஒரு அலாரம் மணிக்கூடு இருந்துச்சுங்க. மூணு மாசத்துக்கு முந்தி டவுன்ல குண்டு வெடிச்ச அன்னைக்கி, டிக் டிக்குனு சத்தம் போடுதுன்னு காவக்காரரு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"நீர் திருப்பிக் கேக்கேல்லையோ?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "தமிழ்ப் பொண்ணு வாசல்ல போயி மணிக்கூடு குடுங்கன்னு கேட்டா என்னாண்ணே நினைப்பாங்க? வேல போனா ஊருக்குப் போகலாம். இதக் கேட்டு உள்ள போட்டுட்டா?"

 காலையில் அந்தச் சிப்பாய்க்கு முன்னால் நான் பயந்தது நினைவுக்கு வந்தது. நசீர் நானா தலையைச் சொறிந்தார். "யா அல்லா, மணிக்கூடு போன நாளும் போத்தல் ஒழுகத் தொடங்கின நாளும் ஒண்டுதானே. நானும் யோசிக்கல்லியே."

10.40. அவரையும் கூட்டிக்கொண்டு காவல் கூடத்துக்குப் போனேன். மணிக்கூட்டை நான்தான் கேட்டேன். காவல்காரர் சிறிசேன அய்யா வயதானவர். மூலையில் இருந்த தீயணைக்கும் வாளியைக் காட்டினார். மணலுக்குள் கையை விட்டு, சாமி சிலையைத் தூக்குவது போல மெதுவாக மணிக்கூட்டைத் தூக்கினார். "யாராவது வந்து கேட்பார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை" என்றார். மூன்று மாதம் மணலுக்குள் கிடந்தும், சாவி கொடுத்ததும் ஓடிற்று!

11.15. மனேஜரும் வந்தார். விறைப்பான மனிதர். செல்வமணியின் கண் முன்னால் மணிக்கூட்டை ஆணியில் தொங்கவிட்டு நாற்பது விநாடிக்கு வைத்து, இனிப் போத்தல் சரியாக வருகிறதா என்று அவரைப் பார்க்கச் சொன்னேன். அது சும்மா அலாரம் அல்ல, விநாடிக் கணக்கில் அடிக்கவென்று திருத்திய மணிக்கூடு. எல்லாரும் விமானத்துக்காகக் காத்து நின்றோம். என் வாழ்நாளில் விமானம் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான். வந்தது. கூரை அதிர்ந்தது. அவள் கை கைப்பிடியிலேயே இருந்தது, அசையவில்லை. சத்தத்துக்கு மேலால் மணி கணீரென்று அடித்தது. திறந்தாள். நாற்பது!

தண்ணீர் நிரப்பி ஒரு பத்திரிகைத் தாளின் மேல் கவிழ்த்து வைத்தோம். ஐந்து நிமிடம். தாள் காய்ந்தபடியே இருந்தது. நசீர் நானா என் முதுகில் போட்ட அடி இன்னும் நோகிறது. "கொட்டாஞ்சேன கெட்டிக்காரன்!" என்றார்.

மனேஜர் என் தாளை வாங்கிக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். "பெயர் எழுதவில்லையே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் பேனையை எடுத்து, எனக்கு வந்த தமிழில் எழுதினேன்: "மணிக்கூடு வாசலில் இருந்தது." நசீர் நானா அவருக்கு மொழிபெயர்த்தார். மனேஜர் ஆணியில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, இனிக் காலையில் சிறிசேன அய்யாவே மணிக்கூட்டைச் சோதித்துக் கொண்டுவந்து தொங்கவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். கடிதத்தைப் பற்றி நசீர் நானா கேட்டபோது, "எந்தக் கடிதம்?" என்றார்.

செல்வமணி அதற்குள் அடுத்த அச்சை மூடியிருந்தாள். மணியில் ஒரு கண், என்னில் ஒரு கண். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். மற்ற இரண்டு மிசினையும் பின்னேரம் வரை பார்த்து முடித்தேன்.

5.10. திரும்பும் பஸ்ஸில் இடமில்லை, நின்றுதான் வந்தேன். தெகிவளையிலும் வெள்ளவத்தையிலும் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளின் முனையில் கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. வரும் வழியெல்லாம் ஒன்றையே நினைத்தேன். அந்த இடத்தில் மூன்று மாதம் எத்தனையோ பேர் நடந்திருக்கிறார்கள். சுவரில் ஐந்தாவது வரி அப்படியே இருந்தது. தினமும் பார்க்கிறதைக் கண் வாசிப்பதில்லை போலும். அதற்குத்தான் வேறு இடத்து ஆள் ஒருவர் மாதம் ஒரு தரம் வர வேண்டும். வரும் மாதம் அவர்களில் ஒருவர் எங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்து என் மிசினுக்குப் பக்கத்தில் நிற்பார்.

அந்த நினைப்புத்தான் மறுநாள் என்னை நேரத்தோடு எழுப்பியது. 6.40க்கு நான் தொழிற்சாலையில். வேறு ஒருவரும் வரவில்லை. என் மிசினுக்கு மேலே இருக்கும் தாளை நின்று வாசித்தேன். மணிக்கு ஒரு தரம் வளையத்தின் தடிப்பை அளந்து அட்டையில் சரி அடையாளம் போட வேண்டும் என்று இருந்தது. நான் எப்போதும் காலையிலேயே எட்டுக் கட்டத்துக்கும் ஒன்றாகச் சரி போட்டுவிடுவேன், பிள்ளைகளே. இரத்மலானை போனதற்கு முதல் நாள் அட்டையிலும் எட்டு அழகான சரி.

அந்த எட்டுக்கும் குறுக்கே ஒரே கோடு இழுத்தேன். பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதி, என் பெயரை முழுதாகப் போட்டேன்.