தனபால் போடாத கையெழுத்து

தனபால் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு போஸ்டராக வந்தது. காலையில் பள்ளி அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். முன்பு நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பழைய வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படம் வந்து விழுந்தது. படத்தைச் சுற்றிக் கணினியில் போட்ட மாலை. கீழே, "எங்கள் பாதுகாப்புக் குடும்பத்தின் தூண் சாய்ந்தது" என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. படத்தை விட்டுவிட்டு அந்த வரியைத்தான் திரும்பப் படித்தேன். அந்தத் தூணைக் கடைசி நான்கு வருடம் ஸ்கிராப் யார்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே, உடைந்த இரும்பை எண்ண வைத்தவர்கள் எழுதிய வரி அது.

அவர் மனைவி மல்லிகாவுக்கு போன் செய்தேன். "ஷேவிங் பண்ணிக்கினு இருந்தாரு சுமதி. அப்படியே சுவத்தைப் புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். பிறகு அவரே, "கம்பெனிலேர்ந்து பூ அனுப்பறாங்களாம். வேணாம்னு சொல்லிட்டேன். தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை என்றேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இன்னும் அந்தத் தொழிற்சாலையில்தான் இருக்கிறீர்கள். உங்களால் வாய் திறக்க முடியாது. நான் வெளியே வந்துவிட்டேன், எனக்கு அந்தத் தடை இல்லை.

தங்க வயலிலிருந்து பெங்களூருப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை ரயில்தான் வாழ்க்கை. அதில் பன்னிரண்டு வருடம் நானும் அவரும் ஒரே பெட்டியில் போய் வந்தோம். நான் பயிற்சிப் பிரிவில் எழுத்தர். அவர் அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, பிறகு தொழிலாளர்களுக்கு மின்சாரப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவரானார். புதிதாக வருகிற யாரும் அவருடைய இரண்டு நாள் வகுப்பை முடிக்காமல் மெஷின் பக்கம் போகக் கூடாது என்பது அப்போதைய விதி.

அந்த வகுப்பை நான் முதன்முதலில் பார்த்த நாள் மறக்காது. உள்ளே நுழைந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் மல்லாந்து படுத்தார். கையில் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டார். வயரின் மறுமுனை சுவரில் இருந்த ஒரு போலி சுவிட்ச் போர்டில் இருந்தது. "எனக்கு ஷாக் அடிச்சிடுச்சி. காப்பாத்துங்க" என்றார். முன் வரிசையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அவர் கண்ணைத் திறந்து, "இப்ப மூணு பேரும் செத்துட்டோம். போய் உக்காருங்க. மறுபடியும்" என்றார். அடுத்தவரும் ஓடிவந்து கையைப் பிடித்தார். அன்றைக்கு அவர் ஒன்பது முறை செத்தார். பத்தாவது முறை வந்தவர்தான் அவரைத் தொடாமல் நேராக சுவிட்சுக்குப் போனார். அப்போதுதான் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "ஓடற கால் எங்க போகணும்னு கத்துக்கத்தான் இந்த கிளாஸ். மீதியெல்லாம் புஸ்தகத்துலயே கீது" என்றார். தமிழில் சொன்னதைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியதும், ஐம்பது வயதுக்கு மேல் இந்தி கற்றுக்கொண்டார். ரயிலில் எனக்கு எதிரில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார்.

ஒரு பாதுகாப்பு நாள் விழாவில் மேலாளர் அவருக்குச் சால்வை போட்டார். எங்கள் மனிதவளப் பிரிவின் மேலாளர் அவர். "தனபாலின் தந்தை சுரங்கத்தில் இறங்கியவர். பயம் என்பதே தெரியாத ரத்தம்" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். அண்ணன் மைக்கை வாங்கி, "எங்கப்பாவுக்கு நல்லா பயம் தெரியும் சார். அதனாலதான் தினமும் வீட்டுக்கு வந்தாரு" என்றார். சிலர் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. சால்வையை மடித்து நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டு அண்ணன் ரயிலுக்கு வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வருடம் பயிற்சி இரண்டு நாளிலிருந்து அரை நாளானது. பிறகு, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வகுப்பே வேண்டாம், இருபது நிமிட வீடியோ போதும் என்றார்கள். வீடியோ ஆங்கிலத்தில் இருந்தது. ஆட்கள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். மின்கசிவு வந்தால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச் ஒன்று உண்டு. டிரிப்பர் என்போம். பாகங்களைக் கழுவுகிற பகுதியில் அது அடிக்கடி அணைந்து உற்பத்தி நிற்கிறது என்று, அதை விலக்கி நேராக இணைப்புக் கொடுத்திருந்தார்கள். "அது அணையறது கோளாறு இல்ல. கோளாறு கீதுன்னு அது சொல்லுது" என்று அண்ணன் மூன்று கடிதம் எழுதினார். மூன்றையும் தட்டச்சு செய்தவள் நான். பதில் ஒன்றுக்கும் வரவில்லை.

ரஞ்சன் என்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒடிசாக்காரர். வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஒரு மதிய ஷிஃப்டில், அதே கழுவுகிற பகுதியில், எண்ணெய்த் தொட்டியைக் கழுவச் சொல்லி ஒரு சிறிய மின்பம்ப்பை அவரிடம் கொடுத்தார்கள். அதன் பிளக்கில் எர்த் முள் இல்லை. அந்தப் பக்கத்து சாக்கெட்டில் நுழையவில்லை என்று யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். தரை முழுக்கத் தண்ணீர். ரஞ்சன் பம்ப்பைத் தூக்கியவர் அப்படியே விழுந்தார். கூட இருந்தவர் ஓடிப்போய் அவரைத் தூக்கப் பார்த்து, தானும் தூக்கி எறியப்பட்டார். அந்த ஆள் கையில் காயத்தோடு பிழைத்தார். ரஞ்சன் பிழைக்கவில்லை. சுவிட்ச் நாலு எட்டு தூரத்தில் இருந்தது. அதை அணைக்க வேண்டும் என்று அந்த இடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று சாயங்காலமே மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பயிற்சிப் பதிவேட்டில் கடைசியாக நடந்த வகுப்பின் கீழே இரண்டு மூன்று வரி காலியாக இருந்தது. "இந்த ரெண்டு பேரையும் அதுல எழுதிடுங்க சுமதி. ஃபார்மாலிட்டி" என்றார். செத்தவர் பெயர் ஒன்று, பிழைத்தவர் பெயர் ஒன்று. நான் எழுதினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் மகள் கல்லூரியில் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, என் கையெழுத்தில், நிதானமாக எழுதினேன். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அந்தக் கையை எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சியாளர் கையெழுத்துக்காகப் பதிவேட்டை அண்ணன் முன்னால் வைத்தார்கள். அவர் இரண்டு பெயரையும் படித்தார். எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தப் பையன் என் முன்னாடி ஒரு நாளும் உக்காரல சார்" என்றார்.

"போனவன் போயிட்டான் தனபால். இருக்கற கம்பெனியைப் பாக்கணும்" என்றார் மேலாளர்.

"உக்காந்திருந்தா அந்த பம்ப்பைத் தொட்டிருக்க மாட்டான். நான் கையெழுத்துப் போட்டா, சொல்லிக் கொடுத்தும் அவன் கேக்கலன்னு ஆயிடும். அவன் சாவுக்கு அவனே காரணம்னு ஆயிடும். அது என்னால ஆவாது."

கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில், "இந்த இருவருக்கும் நான் பயிற்சி தரவில்லை" என்று கன்னடத்தில் எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, தன் பெயரை எழுதினார். பக்க எண் அச்சிட்ட பதிவேடு அது. கிழித்தால் தெரிந்துவிடும். மேலாளர் அதை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், ஏதோ தப்பை நான்தான் செய்ததுபோல. செய்திருந்தேன், அவர் நினைத்த தப்பு அல்ல.

ஒரு வாரத்தில் அண்ணனை ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள்.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வந்தார். ரஞ்சனின் அலட்சியம்தான் காரணம் என்று நிர்வாகம் சொன்னது. அதிகாரி பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "பெயர்களை எழுதியது யார்?" நான்தான் என்றேன். "யார் சொல்லி எழுதினீர்கள்?" மேலாளர் எனக்கு எதிரில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

அன்று மாலை ரயிலில் அண்ணன் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. பங்காருபேட்டை தாண்டியது. பிறகு, "ஞாயித்துக்கிழமை பாலகாட் வாம்மா. ஒரு கிளாஸ் எடுக்கறேன். பேரு எழுத ஆள் வேணும்" என்றார். அவ்வளவுதான்.

கம்பெனி அவரிடமிருந்து வகுப்பைப் பிடுங்கிக்கொண்டது. தங்க வயலின் பாலகாட் பகுதியில் அவர் வீட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு காலிக் கொட்டகையில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வகுப்பை நடத்தினார். பங்காருபேட்டையில் ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். நான் போன அன்று, ரஞ்சனைத் தூக்கப் போய்க் காயப்பட்டவரும் வந்திருந்தார். அவர் பெயர் பிகாஷ். பெயர் எழுதப் பேனாவை நீட்டியபோது, அவர் என்னிடம் இந்தியில் ஒன்று கேட்டார். "நான் சுவிட்சுக்கு ஓடியிருந்தால் ரஞ்சன் பிழைத்திருப்பானா?"

அண்ணன் வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அது உன் தப்பு இல்லப்பா. உனக்கு யாரும் சொல்லித் தரல. சொல்லித் தராதது யாரு தப்புன்னு இங்க சிலருக்குத் தெரியும்" என்றார். இந்தியில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வரி எனக்கானது. செய்யாத குற்றத்துக்காக அந்த மனிதர் தூக்கமில்லாமல் தவிக்கிறார். செய்தவளுக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த விசாரணையில், கேட்பதற்கு முன்பே எழுந்து, யார் சொல்லி எழுதினேன் என்று சொன்னேன். இரண்டு மாதத்தில் எனக்கு வேலை போயிற்று. பயிற்சி தரப்படவில்லை, பாதுகாப்பு சுவிட்ச் வேண்டுமென்றே விலக்கப்பட்டிருந்தது என்று அதிகாரி எழுதினார். ரஞ்சன் மேல் குற்றம் இல்லை என்றானது. அந்த ஒரு வரியை ஒடிசாவில் இருக்கிற அவர் மனைவிக்கு போனில் படித்துக் காட்டியவர் தனபால் அண்ணன். மேலாளரை வேறு ஊர்த் தொழிற்சாலைக்குப் பெரிய பதவியில் அனுப்பினார்கள். கழுவுகிற பகுதியில் புது டிரிப்பர் வந்தது. வீடியோ மட்டும் மாறவில்லை, இன்னும் அதே ஆங்கிலம்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

அண்ணனை யார்டிலிருந்து திரும்பக் கூப்பிடவே இல்லை. தொழிற்சாலை முழுவதிலும் மின்சாரத்தைத் தெரிந்த ஒரே மனிதர் தகரக் கொட்டகையின் வெக்கையில் நின்று துருப்பிடித்த கம்பியைத் தரம் பிரித்தார். "கஷ்டமா இல்லையாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "கஷ்டம் இல்ல. கோவம். கோவம் இருந்தா தெம்பா கீது" என்றார். அவர் உடம்பு அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது.

உடலை எடுக்கிற அன்று பிகாஷும் இன்னும் ஆறு பேரும் வந்தார்கள். லீவு கிடைக்கவில்லை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தோம் என்றார்கள். கம்பெனியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மல்லிகா உள்ளேயிருந்து வந்து, "போட்டோ போதும். போங்க" என்றார். அவர்கள் போனார்கள்.

அவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் எழுத மாட்டேன். அவர் சாந்தியாக இருந்த மனிதர் அல்ல.

போன மாதம் நான் வேலை பார்க்கும் பள்ளியில் தண்ணீர் கூலரைத் தொட்ட ஒரு பிள்ளைக்கு லேசாக ஷாக் அடித்தது. பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. நான் மெயினை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். கூலர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரி செய்து, எனக்குச் சோதித்துக் காட்டும் வரை எழுந்திருக்கவில்லை. "இதா உங்க வேலை?" என்று தலைமையாசிரியை கேட்டார். "ஆமாம் மேடம்" என்றேன். "ஞாபகம் இல்லை" என்று ஒருமுறை சொன்ன அதே வாய்தான். தனபால் அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த "ஆமாம்". அதை யாருக்காகவும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.