ரபீக்கா சொன்ன பெருநாள்

புஷ்பவதி மிஸியிடம் ஒரு குணம் இருந்தது. கர்ப்பிணிகள் சொல்லும் மாதக் கணக்கைக் காதில் வாங்குவாள், மனதில் வாங்கமாட்டாள். "வாய் பிழையாச் சொல்லும், வயிறு சொல்லாது" என்பது அவளுடைய வேதவாக்கு. பதினான்கு வருடம் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்தவளுக்கு அவ்வளவு தலைக்கனம்கூட இல்லாவிட்டால் எப்படி?

1966இல் கிண்ணியாவுக்கு மாற்றம் கிடைத்தது. தினமும் பட்டினத்து லிங்கநகர் வீட்டிலிருந்து பஸ் ஏறி, துறையில் 'பாதை'யில் கடந்து போவாள். ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். மாரியில் காற்று கிளம்பினால் பாதை ஓடாது. அக்கரையில் இருப்பவர்களுக்குப் பட்டினத்து ஆஸ்பத்திரி அன்றைக்குக் கண்ணுக்கு மட்டும்தான்.

ஒக்டோபர் தொடக்கத்தில் ரபீக்கா கிளினிக்குக்கு வந்தாள். இருபது வயது, ஒடிந்து விழுகிற உடம்பு, வெளுத்த கண்கள். போன மாரியில் முதல் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து அன்று மாலையே போய்விட்டது.

"எத்தினை மாதம்?"

"ஆறு, மிஸி."

புஷ்பவதி வயிற்றில் விரல் வைத்து அளந்தாள். எட்டு. புருஷன் ஸைனுலாப்தீன் புத்தளத்தில் கடையொன்றில் நிற்கிறவன், பெருநாளுக்குத்தான் ஊருக்கு வருவான் என்பது அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் நோன்புப் பெருநாள். கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. அட்டையில் எட்டு என்று எழுதினாள்.

"ஆறுதான், மிஸி" என்றாள் ரபீக்கா மறுபடியும்.

"சரி பிள்ளை, எழும்பு."

ரபீக்கா எழும்பவில்லை. முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளை மவுத்தானதுக்கு வந்து நிண்டதால அவருக்கு நோன்புப் பெருநாளைக்கு லீவு குடுக்கேல்லை. ரெண்டு மாதம் கழிச்சு ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் வந்தவர். மூண்டு நாள் நிண்டவர். அது எப்பிடி மிஸி எட்டாகும்?"

புஷ்பவதிக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. இவள் சொல்வது சரியென்றால் வயிறு ஏன் இவ்வளவு பெரிது? மரக்குழலை எடுத்துக் காதை வைத்தாள். இடப்பக்கம் ஒரு துடிப்பு. வலப்பக்கம், மேலே, இன்னொன்று, அதைவிட வேகமாக.

இரட்டை. வயிறு பொய் சொல்லவில்லை. அவள்தான் அதைப் பிழையாக வாசித்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த பயம் கொஞ்சமல்ல. இரட்டையென்றாலே பிள்ளைகள் முந்திக்கொண்டு வரப்பார்க்கும். இவளுக்கோ முதல் பிள்ளையும் முந்தி வந்தது. அது போய் ஆறு மாதம் ஆகுமுன் அடுத்தது தரித்துவிட்டது. உடம்பிலும் இரத்தமில்லை. இது போதாதென்று மாரி வேறு வருகிறது. பாதை நிற்கிற நாளில் வலி வந்தால் அவ்வளவுதான்.

அட்டையில் எட்டை வெட்டி ஆறு என்று எழுதினாள். அன்றே ரபீக்காவின் வீட்டுக்குப் போய், புருஷனின் அக்கா அசனா ராத்தாவிடம், மழைக்கு முன் இவளைப் பட்டினத்துக்குக் கூட்டிவரச் சொன்னாள். பட்டினத்தில் யாருமில்லையே, எங்கே தங்குவது என்றாள் அசனா.

"என்ர வீட்டில" என்றாள் புஷ்பவதி. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த தன் கணவர் ஆனந்தராசாவிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு அப்போது வரவில்லை.

மழை தொடங்குமுன் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அசனா தன் சட்டி பானையோடு வந்து குசினியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். ஆனந்தராசா முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அசனாவின் கோழிக்கறி கொதித்த நாளில் இறக்கிவிட்டார். ரபீக்காதான் பாடாய்ப்படுத்தினாள். கட்டிலில் கிடவென்றால் கிடக்கமாட்டாள், கிணற்றடியில் வாளியோடு நிற்பாள். இரும்புக் குளிசையை விழுங்கும்வரை புஷ்பவதி முன்னாலேயே கதிரை போட்டு இருப்பாள். திட்டித் தீர்ப்பாள். திட்டிவிட்டுத் தலை வாரிவிடுவாள். தன் வயிற்றில் பிறந்ததுபோல அந்தப் பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

நவம்பர் இருபதாம் திகதி மத்தியானம் தண்ணீர்க்குடம் உடைந்தது. அன்று கொட்டிய மழையில் பாதை ஓடவில்லை. ஆனால் லிங்கநகரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடியது. எட்டு மாதத்தில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும். நாலு றாத்தல் ஒன்று, மூன்றரை மற்றது. பஞ்சில் சுற்றி வைத்த இரண்டும் பத்து நாள் போராடிப் பால் குடிக்கத் தொடங்கின.

பதினோராம் நாள் புஷ்பவதி கட்டிலோரம் வந்து இருந்தாள். நெஞ்சில் கிடந்ததைச் சொல்லாமல் இருக்க அவளுக்கு ஏலவில்லை.

"பிள்ளை, நீ ரெண்டு தரம் ஆறெண்டு சொல்லியும் நான் நம்பேல்லை."

"ஓம், தெரியும் மிஸி" என்றாள் ரபீக்கா, சின்னதுக்குப் பால் கொடுத்தபடி. "முதல் பிள்ளைக்கும் இடுப்பு நோகுது எண்டு ரெண்டு தரம் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. மூண்டாந்தரம் சொல்ல வெக்கப்பட்டு இருந்திட்டன்."